ஓடத் தெரிந்த அணிக்கு எறியக் கற்பித்தல்
(அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி பற்றி ஒரு பாடம்)

சடுகுடு ஆடியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். எப்போதும் ஒரே பக்கமாக ஏறிப் பாடுகிறவன் முதல் இரண்டு முறை தொட்டுவிட்டு வந்துவிடுவான். மூன்றாம் முறை எதிரணி முழுவதும் அந்தப் பக்கமே காத்து நிற்கும். அவன் வேகம் சிறிதும் குறைந்திராது. அவன் வரும் வழி தெரிந்துபோயிருக்கும். இந்த ஓர் உண்மையைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு, நம் ஊர் மைதானங்களில் அதிகம் காணாத அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி, அதிலும் சிறுவர்களுக்கு அதைப் பயிற்றுவிக்கும் முறையைப் பற்றி, இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நான் உடற்கல்வித் துறையைச் சேர்ந்தவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். ஆய்வுப் பணிக்காக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இரண்டாண்டுகள் தங்கியிருந்தபோது, நான் குடியிருந்த பகுதியின் சிறுவர் அணி ஒன்றுக்கு மாலை வேளைகளில் உதவியாளனாகச் சென்றுவந்தேன். எல்லாரும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தலைமைப் பயிற்சியாளர் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டத்தைக் கற்பிப்பதில் வல்லவர். அந்த அணிக்கு எறியும் ஆட்டத்தையும் சிறிது பழக்க வேண்டும் என்று இரண்டாம் பருவத்தில் முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு என்னிடமும் இன்னோர் உதவியாளரிடமும் வந்தது. அப்போது படித்தும் பார்த்தும் செய்தும் அறிந்தவற்றையே இங்கு வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

பெயரில் கால் இருந்தாலும் இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்தும் உருண்டை அன்று; இரு முனையும் கூர்ந்த நீள்வடிவம். ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். இரு கோடியிலும் பத்துப் பத்துக் கஜம் கோல் பகுதி உண்டு. அகலம் 160 அடி. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். இவற்றை ‘டவுன்’ என்பார்கள். நான்கு டவுனுக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோல் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது ‘டச் டவுன்’. அதற்கு 6 புள்ளிகள்.

ஒவ்வொரு டவுனிலும் பந்து நின்ற இடத்தில் இரு அணிகளும் எதிரெதிரே வரிசை கட்டும். தாக்கும் அணியில் நடுவில் நிற்பவன் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பான். அதை வாங்குபவன் குவார்ட்டர்பேக். அவன் பந்தை ஓர் ஓட்டக்காரனிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது முன்னால் ஓடும் ஒருவனுக்கு எறியலாம். முன்னோக்கி எறிவது ஒரு டவுனில் ஒருமுறைதான். அதுவும் தொடக்கக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னரே. முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஐவர் எறியைப் பிடிக்கக் கூடாது. எறியும் நேரத்தில் அவர்கள் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போகவும் கூடாது. வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களுமே பிடிக்க உரியவர்கள்.

எறிந்த பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் ஒரு டவுன் வீண், அவ்வளவே. எதிரணி பிடித்துவிட்டாலோ பந்தே போய்விடும். ஆகவே ஓட்டம் சேமிப்பு. எறி முதலீடு என்று சொல்லலாம்.

எறி பிறந்த கதை

இந்த ஆட்டம் தோன்றிய காலத்தில் முன்னோக்கி எறிவதற்கு இடமே இல்லை. ஒருவரோடொருவர் கை கோத்துக் கூட்டமாக முட்டி மோதி முன்னேறுவதே முறை. அதன் விலை பெரிது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பதினெட்டுப் பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். 1906இல் விதிகள் மாறின. முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது.

அனுமதித்தார்களே தவிர ஊக்கவில்லை. யார் கையிலும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்கே சேரும் என்பது அன்றைய விதி. 1906 செப்டம்பர் 5இல், விஸ்கான்சின் மாநிலத்து வாக்கஷா நகரில், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் விதிப்படியான முதல் எறியை எறிந்தார். அது தரையில் விழுந்தது, பந்து கைமாறியது. அதே ஆட்டத்தில் மறுபடியும் எறிந்தார். ஜாக் ஷ்னைடர் பிடித்து டச் டவுன் ஆக்கினார். முதல் எறி வீணானதும் கைவிட்டிருந்தால் அந்த இரண்டாவது எறி வந்திராது. பயிற்சியாளர் எடி காக்கெம்ஸ் முன்கூட்டியே அணியைப் பழக்கி வைத்திருந்தமையால்தான் மறுபடி எறியும் துணிவு இருந்தது.

நம் பாடத்துக்கு மிகவும் தேவையான நிகழ்ச்சி அதற்கு ஏழாண்டு பின்னர் நடந்தது. 1913ஆம் ஆண்டுக் கோடையில் நோட்ர டேம் பல்கலைக்கழக மாணவர்களான கஸ் டோரைசும் நூட் ராக்னியும் ஓஹையோவின் சீடர் பாயின்ட் கடற்கரை போன்ற ஏரிக்கரையில் வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் எறிவதையும் ஓடிக்கொண்டே பிடிப்பதையும் பழகினார்கள். அந்த நவம்பர் முதல் தேதி, வலிமை மிக்க இராணுவக் கல்லூரி அணியை வெஸ்ட் பாயின்டிலேயே 35–13 என்று அவர்கள் அணி வென்றது. எறிகள் வரத் தொடங்கியதும் இராணுவ அணியினர் நெருக்கத்தைக் கலைத்து விரிந்து நின்றார்கள். உடனே நோட்ர டேமின் ரே ஐகன்லாப் அந்த இடைவெளிகளில் பந்தோடு புகுந்து ஓடினார். எறி, ஓட்டத்துக்குப் பாதை திறந்துவிட்டது. ஓடும் அணி எறியக் கற்க வேண்டியதன் காரணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

சிறுவர் அணி ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

பன்னிரண்டு வயதுப் பையனின் கை சிறியது. சிறுவர்களுக்கெனச் சிறிய பந்து உண்டு என்றாலும் பத்துக் கஜத்துக்கு மேல் குறி தவறாமல் எறிவது அவனுக்கு அரிது. பிடிப்பவனுக்கும் கைப்பழக்கம் இராது. ஆகவே பயிற்சியாளர்கள் ஓட்டத்தையே நம்புகிறார்கள். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். முட்டித் தள்ளி வழி உண்டாக்குவதும், பந்தை நழுவவிடாமல் ஓடுவதும் ஆட்டத்தின் அடிப்படை.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. முன்னால் வழிவிலக்குபவன் ஒருவன் எதிரணியில் ஒருவனைத்தான் தடுக்க முடியும். எறி வராது என்று தெரிந்துவிட்டால் எதிரணி தன் பதினொருவரில் எட்டு, ஒன்பது பேரைத் தொடக்கக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்திவிடும். தடுக்க ஆள் போதாது. யாரும் தடுக்காத ஒருவன் எப்படியும் ஓட்டக்காரனைப் பிடித்துவிடுவான். பயிற்சியை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறாது.

இன்னொரு காரணம் எனக்கு இதனினும் பெரிதாகப் பட்டது. ஓடும் அணியில் ஓரத்தில் நிற்கும் பையனுக்கு வேலையே இல்லை. நாங்கள் உதவிக்குச் சென்ற முதல் பருவத்தில், ஓரத்தில் நின்ற பையன்களுள் ஒருவன் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் பந்தைத் தொடவில்லை. இருவர் பருவத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் பெற்றோர் படிப்பைக் காரணம் சொன்னார்கள். பிள்ளைகளின் முகம் வேறு காரணம் சொல்லிற்று. வகுப்பில் ஒருமுறைகூடக் கேள்வி கேட்கப்படாத மாணவன் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பதைப் போன்ற நிலை அது. நம் விரிவுரையாளர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதற்பாடம்: கையும் கண்ணும்

எறிதலை மேலிருந்து கீழாகக் கற்பித்தோம். முதலில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து எறிதல். கால் வேலை செய்யாதபோது தோளும் முழங்கையும் மணிக்கட்டும் செய்யும் வேலை தெளிவாகத் தெரியும். விரல்கள் பந்தின் தையல்மேல் இருக்க வேண்டும். பந்து காதருகே உயர வேண்டும். விடும்போது விரல்நுனிகள் பந்தைச் சுழற்றிவிட வேண்டும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது எதனாலோ, சுழலும் பந்து தலைகுப்புறப் புரளாமல் செல்வதும் அதனாலேயே. கோண உந்தம் என்று நாம் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். அதன்பின் எழுந்து நின்று, எறியும் கைக்கு எதிர்க்காலைக் குறியை நோக்கி எடுத்துவைத்து எறிதல்.

பிடிப்பதற்கு இரண்டே விதிகள். பந்து மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேரட்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேரட்டும். கக்கத்தில் பந்தை அடக்கும்வரை கண் பந்தை விட்டு அகலக் கூடாது. பல பையன்கள் பந்தைப் பிடிக்காமல் விடுவதற்குக் காரணம் கை அன்று. பிடிப்பதற்கு முன்னரே ஓட வேண்டிய திசையைப் பார்த்துவிடும் கண். பிடிக்க உரிமை இல்லாத நடுவரிசைப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொண்டோம். அவர்களே அதிக மகிழ்ச்சியோடு பழகினார்கள்.

இரண்டாம் பாடம்: ஆளுக்கு அன்று, இடத்துக்கு

ஓடுபவன் விநாடிக்கு ஆறு கஜம் ஓடுகிறான் என்றும், பந்து அவனிடம் சேர ஒரு விநாடி ஆகிறது என்றும் கொள்வோம். அவன் இப்போது நிற்கும் இடத்துக்கு எறிந்தால் பந்து ஆறு கஜம் பின்னால் விழும். ஆகவே அவன் ஒரு விநாடி கழித்து வரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். பிடிப்பவனும் சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்தே தீர வேண்டும். ஒருவனுக்கு மற்றவன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இது நடவாது. இதைப் பழக்க, மைதானத்தில் ஒரு துண்டை விரித்துவைத்து, பந்தும் பையனும் ஒரே நேரத்தில் துண்டின்மேல் சேர வேண்டும் என்றோம். முதல் வாரம் சேரவில்லை. மூன்றாம் வாரம் பாதிக்கு மேல் சேர்ந்தன.

மூன்றாம் பாடம்: குறுகிய எறி

எங்கள் அணிக்கு இரண்டே எறிகள் என்று வரையறுத்துக்கொண்டோம். பத்துக் கற்பித்து ஒன்றும் வராமல் போவதினும் இரண்டு கற்பித்து இரண்டும் வருவது நல்லது.

முதலாவது குறுகிய எறி. ஓரத்துப் பையன் ஐந்து கஜம் நேராக ஓடி, நின்று, திரும்புகிறான். குவார்ட்டர்பேக் மூன்றடி பின்வாங்கி எறிகிறான். தன்னைக் காப்பவன் ஏழெட்டுக் கஜம் தள்ளி நின்றால் மட்டுமே இதைச் செய்யலாம். அந்த இடைவெளியை இருவரும் ஆட்டம் தொடங்குமுன்னரே கண்ணால் அளந்துகொள்வார்கள். பந்து விரைவில் கையை விட்டுப் போய்விடுவதால் நடுவரிசையினர் நெடுநேரம் காக்க வேண்டியதில்லை. ஓட்டத்துக்கு முட்டுவது போலவே முட்டி, அந்த இடத்திலேயே நின்றால் போதும்.

நான்காம் பாடம்: போக்குக் காட்டி எறிதல்

இரண்டாவது எறிதான் ஓடும் அணியின் சொந்தச் சொத்து. எங்கள் அணியின் சிறந்த ஓட்டம் ‘ஸ்வீப்’ எனப்படுவது. வரிசையிலிருந்து இருவர் விலகி முன்னே ஓடி வழிவிலக்க, ஓட்டக்காரன் ஓரத்தைச் சுற்றிப் போவான். 1950களில் டேவ் நெல்சன் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த ‘விங்-டி’ முறையில், இந்த ஓட்டத்துக்கு இணையாக ஓர் எறியும் உண்டு. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுப்பது போலக் கையை நீட்டிவிட்டு, தானே வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவான். எதிரணி ஓட்டக்காரனைத் துரத்தும்.

இதற்கு ஒரு முன்தயாரிப்பு தேவை. பந்தை உண்மையாகவே கொடுத்துவிட்ட ஓட்டங்களிலும் குவார்ட்டர்பேக் வெறுங்கையோடு எதிர்ப்பக்கம் ஓடிக் காட்ட வேண்டும். ஆட்டத்துக்கு இருபது முறை வீணாக ஓடினால்தான் இருபத்தோராவது முறை யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் பையனுக்கு இது சலிப்பாக இருந்தது. வெறுங்கை ஓட்டங்களையும் எண்ணி ஒரு நோட்டில் குறித்து, ஆட்டம் முடிந்ததும் படித்துக் காட்டினோம்; சலிப்பு நின்றது.

எறியும்போது அவனுக்கு மூன்று பேர் மூன்று தொலைவில் இருப்பார்கள். ஒருவன் நேராக வெகுதூரம் ஓடிக் காவலனை இழுத்துச் செல்வான். ஒருவன் மறுபக்கத்திலிருந்து குறுக்கே பத்துக் கஜ ஆழத்தில் வருவான். ஒருவன் மூன்று, நான்கு கஜத்தில் ஓரமாக நழுவுவான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மூவரையும் பார் என்றால் ஒருவரையும் பார்க்க மாட்டான். எதிரணியில் ஓரத்தைக் காக்கும் ஒரே ஒருவனைப் பார் என்றோம். அவன் கிட்டே இருப்பவனிடம் பாய்ந்தால் நடுத்தொலைவுக்கு எறி. பின்வாங்கினால் கிட்டே இருப்பவனுக்கு எறி. இரண்டும் அடைபட்டிருந்தால் எறியாதே, ஓடு. கேள்வி ஒன்று, விடை மூன்று. ஓடுவதும் ஒரு சரியான விடை என்று சொன்னபின் பையனின் பதற்றம் பெரிதும் குறைந்தது.

வலக்கைக்காரன் இடப்பக்கம் ஓடியபடி எறிவது கடினம். எங்கள் பையன் வலக்கைக்காரன். ஆகவே ஸ்வீப்பை இடப்பக்கம் ஓடவிட்டு, அவனை வலப்பக்கம் திரும்பச் செய்தோம். பாடத்திட்டத்தை மாணவனுக்கேற்ப வளைப்பது என்பது இதுதான்.

ஐந்தாம் பாடம்: எப்போது எறிவது?

பெரும்பாலான ஓடும் அணிகள் மூன்றாவது டவுனில் எட்டு, பத்துக் கஜம் தேவைப்படும்போதுதான் எறிகின்றன. அப்போது எறி வருமென்று பார்வையாளர்களுக்கும் தெரியும். போக்குக் காட்டுவதில் பயனில்லை. முதல் டவுனில், அல்லது இரண்டாவது டவுனில் இரண்டு மூன்று கஜமே தேவைப்படும்போது எறிய வேண்டும். எல்லாரும் ஓட்டத்தை எதிர்பார்க்கும் நேரம் அது. பந்து தரையில் விழுந்தாலும் மீட்க இன்னும் டவுன்கள் கையில் உண்டு.

எண்ணிக்கை குறைவாக இருப்பது இழிவன்று. 2009இல் பால் ஜான்சன் பயிற்றுவித்த ஜார்ஜியா டெக் அணி ஓட்டத்துக்கே பெயர்பெற்றது. அதில் ஆடிய டெமாரியஸ் தாமஸ் அந்தப் பருவத்தில் பிடித்தவை 46 எறிகளே. கடந்த தொலைவோ 1,154 கஜம். ஓர் எறிக்குச் சராசரி 25 கஜத்துக்கு மேல். ஓட்டத்தைத் தடுக்க எல்லாரும் முன்னே நெருங்கியிருந்ததால் பின்னே திறந்த வெளி கிடைத்தது. அடுத்த ஆண்டே தொழில்முறை அணி ஒன்று முதற்சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது.

கண்ட பயன்

ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் இருபது நிமிடமே எறிக்கு ஒதுக்கினோம். ஆனால் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆட்டத்துக்கு ஐந்தாறு எறிகள். பிடித்தவை அவற்றில் பாதி. கோப்பை ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் எதிரணியின் பின்வரிசை இரண்டடி பின்னுக்கு நின்றது. அந்த இரண்டடியில் எங்கள் ஓட்டக்காரர்கள் முன்னிலும் தொலைவாக ஓடினார்கள். முதல் பருவத்தில் பந்தையே தொடாத அந்தப் பையன் இரண்டாம் பருவத்தில் ஏழு எறிகளைப் பிடித்தான். அதன்பின் ஓட்டங்களில் அவன் வழிவிலக்கிய வேகமே வேறு. தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அறிந்தவன் பிறருக்காக உழைக்கத் தயங்குவதில்லை.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். தலையில் படும் அதிர்ச்சி இந்த ஆட்டத்தின் பெருங்கவலை. அடிபட்ட இளம் ஆட்டக்காரர், உரிய மருத்துவ ஒப்புதல் இல்லாமல் களத்துக்குத் திரும்பக் கூடாது என்று 2009இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றியது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இதையொத்த சட்டங்கள் வந்துவிட்டன. பாப் வார்னர் என்னும் சிறுவர் விளையாட்டமைப்பு 2012இல், பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மோதல் பயிற்சி கூடாது என்று விதித்தது. எறிவதும் பிடிப்பதும் மோதலின்றிப் பழகக்கூடியவை. மீதி நேரத்துக்கு இதைவிடத் தக்க பாடம் இல்லை.

நமக்கு என்ன?

இடுப்பில் கட்டிய துணிப்பட்டையை உருவினாலே ஆளைப் பிடித்ததாகக் கொள்ளும் ‘ஃபிளாக் ஃபுட்பால்’ இந்த ஆட்டத்தின் மென்மையான வடிவம். பக்கத்துக்கு ஐவர், மோதல் இல்லை, எறிதலே பெரும்பகுதி. அதை 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்ப்பதென்று, 2023 அக்டோபரில் நம் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு முடிவு செய்தது. ஆகவே இந்தப் பெயர் இனி நம் மாணவ மாணவியர் காதிலும் விழும்.

விரும்புவோர் இன்று மாலையே சோதித்துப் பார்க்கலாம். கைக்கடக்கமான எந்தப் பந்தும் போதும். மைதானத்தில் ஒரு துண்டை விரியுங்கள். ஒருவர் பக்கவாட்டிலிருந்து அதை நோக்கி ஓடட்டும். மற்றவர் பத்துக் கஜத்திலிருந்து எறியட்டும். பந்தும் ஆளும் துண்டின்மேல் ஒன்றாகச் சேர எத்தனை முறை ஆகிறது என்று எண்ணுங்கள். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். எறிந்தவர் பிடித்துப் பார்த்தால்தான் தம் எறியின் குறை அவருக்குத் தெரியும்.